போங்காட்டம்: குத்துச்சண்டையில் எந்தத் தப்பு மாட்டுகிறது, எது தப்பிக்கிறது

குத்துச்சண்டை ரிங்கில் மைக் டைசன் எவாண்டர் ஹோலிஃபீல்டின் காதைக் கடிக்கும் அந்தப் பழைய வீடியோ சில மாதங்களுக்கு ஒருமுறை எங்கிருந்தாவது மறுபடி கிளம்பி வந்துவிடுகிறது. ராயபுரத்திலும் காசிமேட்டிலும் அது போனுக்குப் போன் தாவும்போது கூடவே ஒரு கேள்வியும் தாவும். “காதைக் கடிச்சவனை வெளிய அனுப்புனாங்க, சரி. அதுக்கு முன்னாடி தலையால முட்டி இவன் புருவத்தைக் கிழிச்சானே, அவனுக்கு ஏன் ஒண்ணும் இல்ல?”

வடசென்னையில் இதை வெறும் டீக்கடைப் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று பிரிந்து நின்று ‘ரோசமான’ குத்துச்சண்டையைத் தலைமுறைகளாகப் பார்த்த பகுதி இது. தாத்தா ரிங்கில் ஏறியவர், பேரன் மாவட்டப் போட்டிக்குப் போகிறவன் என்ற வீடுகள் இன்றும் உண்டு. பேரன் நெற்றி கிழிந்து தோற்று வரும்போது வீட்டில் எழுவதும் இதே கேள்விதான்.

எவ்வளவு வலித்தது, எவ்வளவு ரத்தம் வந்தது என்பதெல்லாம் விதிப்புத்தகத்துக்கு இரண்டாம்பட்சம். நடுவர் அதைப் பார்த்தாரா, வேண்டுமென்றே செய்ததாக நினைத்தாரா என்ற இரண்டு கேள்விகளில்தான் எல்லாம் தொங்குகிறது. அதனால் சத்தமாகத் தப்பு செய்பவன் மாட்டுகிறான். சத்தமில்லாமல் செய்பவன் பட்டம் வாங்குகிறான். எல்லாவற்றையும்விட மோசமான தப்பு மணி அடிப்பதற்கு முன்பே, உடை மாற்றும் அறையில் நடந்து முடிந்துவிடுகிறது.

முதலில் தப்பு, பிறகு விதி

குத்துச்சண்டை விதிகளை யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்து ஒரே நாளில் எழுதவில்லை. யாராவது ஒருவன் ஒரு அழுகுணி வேலை செய்வான். அடுத்த தலைமுறை அதைத் தடை செய்யும்.

1743இல் லண்டனில் ஜாக் பிராட்டன் எழுதியவைதான் அச்சில் வந்த முதல் விதிகள். கீழே விழுந்தவனை அடிக்கக் கூடாது, இடுப்புக்குக் கீழே பிடிக்கக் கூடாது என்பவை அதில் இருந்தன. தலைமுடியைப் பிடிக்கக் கூடாது என்று இல்லை. இந்த ஓட்டை 1795இல் ஒரு சாம்பியனைச் சாய்த்தது. டேனியல் மெண்டோசா நீளமான முடி வைத்திருந்தவர், நகர்ந்து நகர்ந்து அடிப்பதில் கெட்டிக்காரர். எதிரே வந்த ஜான் ஜாக்சன் ஒரு கையால் அவர் முடியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு மறு கையால் முகத்தில் குத்தினார். சண்டை ஒன்பது ரவுண்டில் முடிந்தது. விதிப்படி அதில் ஒரு குற்றமும் இல்லை. அந்த ஜாக்சனைத்தான் வரலாறு ‘ஜென்டில்மேன்’ ஜாக்சன் என்று அழைக்கிறது!

தலையால் முட்டுவது, கண்ணை நோண்டுவது, உதைப்பது எல்லாம் 1838இல் வந்த லண்டன் விதிகளில்தான் தெளிவாகத் தடையாயின. 1867இல் குயின்ஸ்பெரி பிரபுவின் பெயரில் வந்த விதிகள் கையுறையையும், மூன்று நிமிட ரவுண்டையும், ஒரு நிமிட ஓய்வையும், பத்து எண்ணுவதையும் கொண்டுவந்தன. இன்றைய குத்துச்சண்டைக்கு அடித்தளம் அதுதான். கையுறை வந்ததால் ஆட்டம் மென்மையாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். கையுறை முதலில் காப்பாற்றுவது அடிப்பவனின் விரல் எலும்பை. வெறும் கையால் மண்டையில் ஓங்கி அடித்தால் கை உடையும் என்ற பயம் இருந்தது. அந்தப் பயம் போனது. அதோடு, எதையும் உள்ளே மறைத்து வைக்க ஓர் உறையும் கிடைத்தது. அந்த விஷயத்துக்குப் பிறகு வருவோம்.

நடுவரின் கணக்கு

தொழில்முறைச் சண்டையில் ஒரு ரவுண்டை வென்றவருக்கு 10, தோற்றவருக்கு பெரும்பாலும் 9. நடுவர் ஒரு புள்ளி கழித்தால் வென்ற ரவுண்டு 9-9 ஆகிவிடும். ஒரு தப்புக்கு விலை ஒரு ரவுண்டு. எதிராளியின் கண்ணைக் கெடுத்துவிட்டால் மீதி ஏழெட்டு ரவுண்டும் நமக்கே என்று கணக்குப் போடுகிறவனுக்கு இது மலிவான விலை.

அமெரிக்க மாநிலங்களின் குத்துச்சண்டை ஆணையங்கள் பொதுவாகப் பின்பற்றும் விதிகளின் சாரம் இது:

1. வேண்டுமென்றே செய்த தப்பால் ஏற்பட்ட காயத்தில் சண்டை அங்கேயே நின்றுபோனால், செய்தவர் தகுதிநீக்கம்.

2. வேண்டுமென்றே செய்தது, ஆனாலும் அடிபட்டவரால் தொடர முடிகிறது என்றால் இரண்டு புள்ளி கழிப்பு. பின்னால் அதே காயத்தால் சண்டை நின்றால், அடிபட்டவர் புள்ளியில் முன்னால் இருந்தால் அவருக்கு வெற்றி; பின்னால் இருந்தாலும் சமன்.

3. தற்செயலாக நடந்த முட்டலில் காயம் என்றால், நான்கு ரவுண்டு முடிவதற்குள் நின்றால் முடிவே இல்லை. நான்கு ரவுண்டு தாண்டியிருந்தால் அதுவரை போட்ட புள்ளியை எண்ணி வெற்றி தோல்வி.

4. இடுப்புக்குக் கீழே தற்செயலாக அடி வாங்கியவருக்கு அதிகபட்சம் ஐந்து நிமிடம். அதற்குள் எழுந்து சண்டையிட முடியாவிட்டால் தோற்றவர் அடி வாங்கியவரே.

நான்காவது விதியைக் கேட்டு யாரும் முதலில் நம்புவதில்லை. அதன் பின்னால் ஒரு கதை இருக்கிறது, கீழே வரும்.

நம் பிள்ளைகள் ஆடும் அமெச்சூர் போட்டிகளில் கணக்கு வேறு. நடுவர் முதலில் ஆட்டத்தை நிறுத்திக் கண்டிப்பார், பிறகு முறையான எச்சரிக்கை தருவார். ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் புள்ளி போகும், மூன்றாவது எச்சரிக்கையில் வெளியேற்றம். மூன்றே ரவுண்டு கொண்ட ஆட்டத்தில் ஒரு புள்ளி போனாலே பெரும்பாலும் கதை முடிந்தது. அதனால் அமெச்சூரில் போங்கு ஆடுவது தொழில்முறையைவிட விலை அதிகமான காரியம்.

இதில் கடினமான சொல் ‘வேண்டுமென்றே’ என்பதுதான். வலக்கைக்காரனும் இடக்கைக்காரனும் எதிரெதிரே நின்றால் இருவரின் முன்கால்களும் ஒரே கோட்டில் வந்து விழும். இருவரும் ஒரே நேரத்தில் பாய்ந்தால் தலைகள் மோதியே தீரும். இதில் யாருக்குக் கெட்ட எண்ணம் என்று எப்படிச் சொல்வது? குனிந்து உள்ளே நுழைந்து, எதிராளியின் தாடைக்குக் கீழே தலையை வைத்து, குத்தை முடித்துவிட்டு நிமிரும்போது தலையும் சேர்ந்து நிமிரும்படி பார்த்துக்கொள்கிறவன் இருக்கிறான். பார்க்க அது இயல்பான அசைவு மாதிரியே இருக்கும். நடுவர் அவன் முதுகுப் பக்கம் நின்றால் ஒன்றும் தெரியாது.

கட்டைவிரல்காரர்கள்

இந்தச் சத்தமில்லாத தப்புகளில் கைதேர்ந்தவர் என்றால் பிட்ஸ்பர்க்கின் ஃபிரிட்ஸி ஸிவிக். 1940 அக்டோபர் 4 அன்று நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஹென்றி ஆம்ஸ்ட்ராங்கை 15 ரவுண்டில் தோற்கடித்து வெல்டர்வெயிட் எடைப்பிரிவின் பட்டத்தை வாங்கினார். ஆம்ஸ்ட்ராங்கும் தலையைக் குனிந்து மாடு போல் முட்டிக்கொண்டே வருகிறவர்தான். இருவரையும் நடுவர் கண்டும் காணாமல் விட்டார். ஆரம்பத்தில் ஒழுங்காக ஆடியதாகவும், இப்படித்தான் ஆட்டம் என்று தெரிந்தபிறகே தானும் இறங்கியதாகவும் ஸிவிக் பின்னாளில் சொல்லிவந்தார்.

ஆறு வாரம் கழித்து, நவம்பர் 15 அன்று, அதே அரங்கில் ஸிவிக்குக்கு எதிரே ‘பம்மி’ டேவிஸ். முதல் ரவுண்டிலேயே ஸிவிக் கட்டைவிரலைக் கண்ணில் விட்டார் என்பது டேவிஸின் புகார். நடுவர் எதுவும் செய்யவில்லை. இரண்டாவது ரவுண்டில் டேவிஸுக்குத் தலைக்கேறிவிட்டது. இடுப்புக்குக் கீழே ஒன்று, இரண்டு என்று ஏறக்குறைய பத்து முறை வெளிப்படையாக அடித்தார். தகுதிநீக்கம், 2,500 டாலர் அபராதம், நியூயார்க்கில் ஆடத் தடை, எல்லாம் டேவிஸுக்கே. ஸிவிக் சாம்பியனாகவே வீட்டுக்குப் போனார்.

இதை நினைவில் வைத்துக்கொண்டு டைசன் வீடியோவைப் பார்த்தால் பாதி விஷயம் புரிந்துவிடும்.

கட்டைவிரல் விளையாட்டுக்குப் பலியான பெரிய பெயர் ஹாரி கிரெப். 1920களின் மிடில்வெயிட் சாம்பியன். தானும் போங்காட்டத்துக்குப் பேர்போனவர். ஒரு கண்ணில் விழித்திரை கிழிந்து பார்வை போனபிறகும் அதை மறைத்துக்கொண்டு பல ஆண்டுகள் ஆடினார். இறந்தபிறகே ஊருக்கு முழுசாகத் தெரிந்தது. இன்று கையுறையின் கட்டைவிரல் தனியாக ஆடாதபடி உள்ளங்கைப் பகுதியோடு சேர்த்துத் தைத்திருப்பார்கள். இப்படிக் கெட்ட கண்கள்தான் அதற்குக் காரணம். கையுறையை எடுத்துப் பார்த்தால் சுண்டுவிரல் அகலத்துக்கு ஒரு பட்டி போல அந்தத் தையல் தெரியும்.

வில்லி பெப், சாண்டி சாட்லர் இருவரும் 1948 முதல் 1951 வரை நான்கு முறை மோதினார்கள். நான்காவது சண்டையைக் குத்துச்சண்டை என்று சொல்வதே தாராளம். கழுத்தைப் பிடித்துத் திருகல், கண்ணில் விரல், காலை வாருதல் என்று போனது. பிரிக்கப் போன நடுவரும் கூடவே தரையில் விழுந்தார். இந்த ஒருமுறை ஆணையம் இருவரையும் பிடித்தது, இருவருக்கும் நியூயார்க்கில் ஆட முடியாமல் போனது. இருவரும் சத்தமாகச் செய்தார்கள் என்பதுதான் காரணம்.

காது

இப்போது டீக்கடைக் கேள்விக்கு வருவோம். 1996 நவம்பரில் நடந்த முதல் சண்டையிலேயே ஹோலிஃபீல்ட் தலையால் முட்டுகிறார் என்று டைசன் தரப்பு புலம்பியது. 1997 ஜூன் 28 அன்று லாஸ் வேகஸில் மறுசண்டை. இரண்டாவது ரவுண்டில் தலைகள் மோதி டைசனின் வலது கண்ணுக்கு மேலே கிழிந்தது. நடுவர் மில்ஸ் லேன் அதைத் தற்செயல் என்று அறிவித்தார். அந்த ஒரு சொல்லோடு விதிப்புத்தகம் மூடிக்கொண்டது. புள்ளி கழிப்பு இல்லை.

மூன்றாவது ரவுண்டில் டைசன் ஹோலிஃபீல்டின் வலது காதில் ஒரு துண்டைக் கடித்துத் துப்பினார். லேன் அங்கேயே முடித்துவிட நினைத்தார். தொடரலாம் என்று மருத்துவர் சொன்னதால் இரண்டு புள்ளி கழித்துவிட்டுத் தொடரவிட்டார். அடுத்து டைசன் இடது காதைக் கடித்தார். தகுதிநீக்கம். நெவாடா ஆணையம் 30 லட்சம் டாலர் அபராதம் போட்டு உரிமத்தைப் பறித்தது. 1998 அக்டோபரில்தான் அது திரும்பக் கிடைத்தது.

ஹோலிஃபீல்ட் வேண்டுமென்றுதான் முட்டினாரா? அவர் ஆடும் விதமே தலையை முன்னே கொடுத்து நுழைவது. அது அவருக்குச் சாதகம் என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும் என்பது என் எண்ணம். ஆனால் எண்ணத்தை வைத்துப் புள்ளி கழிக்க முடியாது. பல்லுக்குத் தற்செயல் கிடையாது, நெற்றிக்கு உண்டு. அந்த இரவில் விதிக்குத் தெரிந்த வித்தியாசம் அவ்வளவுதான்.

இடுப்புக்குக் கீழே

1930 ஜூன் 12, நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியம். காலியாக இருந்த ஹெவிவெயிட் பட்டத்துக்கு ஜாக் ஷார்க்கியும் ஜெர்மனியின் மேக்ஸ் ஷ்மெலிங்கும் மோதினார்கள். நான்காவது ரவுண்டில் ஷார்க்கியின் அடி கீழே விழ, ஷ்மெலிங் சுருண்டு விழுந்தார். ஷார்க்கி தகுதிநீக்கம். தரையில் கிடந்தபடியே ஒருவர் உலகச் சாம்பியன் ஆனார். ஹெவிவெயிட் பட்டத்தை இப்படி வாங்கியவர் அவர் ஒருவர்தான்.

மக்கள் கொதித்தார்கள். தோற்கப் போகிறோம் என்று தெரிந்தவன் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்தால் போதும், வெற்றி என்றாகிவிட்டதே! நடிப்புக்குப் பரிசு தர முடியாது என்று நியூயார்க் ஆணையம் விதியை மாற்றியது. இடுப்புக் கவசம் போட்டுக்கொள், கீழே அடி வாங்கியதை வைத்து ஜெயிக்க முடியாது என்றது. இன்றைய ஐந்து நிமிட விதி அந்த வழியில் வந்ததுதான். நடிப்பவனைத் தடுக்க எழுதிய விதி, நிஜமாகவே வலிப்பவனையும் தண்டிக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்கும் கருவி இன்னும் வரவில்லை.

எதிர்முனையில் போலந்தின் ஆண்ட்ரூ கோலோட்டா. 1996இல் ரிடிக் போவோடு இரண்டு முறை மோதினார். இரண்டு முறையும் புள்ளியில் முன்னால் இருந்தார். இரண்டு முறையும் கீழே அடித்து அடித்து, ஜூலையில் ஏழாவது ரவுண்டிலும், டிசம்பரில் ஒன்பதாவது ரவுண்டிலும் தகுதிநீக்கம் ஆனார். ஜெயித்துக்கொண்டிருந்த ஆள் ஏன் இப்படிச் செய்தார் என்பதற்கு இன்றுவரை யாரும் உருப்படியான விளக்கம் தரவில்லை. முதல் சண்டை முடிந்ததும் போவின் ஆட்கள் ரிங்குக்குள் பாய்ந்தார்கள். கையில் இருந்த வாக்கிடாக்கியால் கோலோட்டாவின் மண்டை உடைந்தது. மேடிசன் ஸ்கொயர் கார்டன் முழுக்க நாற்காலி பறந்தது. பரம்பரைச் சண்டை நாட்களில் ரிங்கில் முடியாதது தெருவில் முடிந்த கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இருக்காது.

கைக்கட்டுக்குள் என்ன இருக்கிறது

இதுவரை பார்த்தவை எல்லாம் ரிங்குக்குள் நடந்தவை. நடுவர் பார்க்கத் தவறினாலும், பார்க்க ஒரு வாய்ப்பாவது இருந்தது. கையுறைக்குள் நடப்பதை யார் பார்ப்பது?

முதலில் கை கட்டுவது எப்படி என்று தெரிய வேண்டும். வடசென்னையின் எந்தப் பயிற்சிக் கூடத்துக்குப் போனாலும் சாயங்காலம் இதைப் பார்க்கலாம். வாத்தியார் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார், பையன் எதிரே நின்று கையை நீட்டுவான். “விரலை விரிடா.” கட்டைவிரலில் வளையத்தை மாட்டி, மணிக்கட்டில் மூன்று சுற்று, புறங்கை வழியாக விரல் மொளியில் மூன்று சுற்று, பிறகு விரலிடுக்குகளில் ஒவ்வொன்றாக நுழைத்து மறுபடி மணிக்கட்டுக்கு வரும். “மூடு. இறுக்குதா?” பையன் முஷ்டியை மூடித் திறப்பான். வாத்தியார் தன் கட்டைவிரலால் மொளி மேல் ஒரு அழுத்து அழுத்திப் பார்ப்பார். துணி அமுங்க வேண்டும். கட்டின் வேலை எலும்பைச் சேர்த்துப் பிடிப்பது. அது கல்லாகக் கூடாது.

1983 ஜூன் 16 அன்று மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்தது இதற்கு நேர் எதிர். பில்லி காலின்ஸ் என்ற இளைஞர், அதுவரை 14 சண்டையில் ஒன்றிலும் தோற்காதவர். எதிரே லூயிஸ் ரெஸ்டோ, பலமாக அடிப்பவர் என்ற பெயரே இல்லாத ஆள். பத்து ரவுண்டு முடிவில் காலின்ஸின் இரண்டு கண்ணும் வீங்கி மூடிவிட்டன. முடிவுக்குக் காத்திருந்தபோது ரெஸ்டோ வந்து கைகுலுக்கினார். காலின்ஸின் பயிற்சியாளர் அவருடைய அப்பாதான். மகனை அடித்த கையைப் பிடித்தவருக்குக் கையுறைக்குள் மெத்தையே இல்லை என்பது தொட்டதும் தெரிந்தது. அங்கேயே கத்திக் கூப்பிட்டார். கையுறைகள் பறிமுதலாயின. எட்டு அவுன்ஸ் கையுறை, அதாவது சுமார் 227 கிராம். அதைக் கிழித்து ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய ஒரு அவுன்ஸ் திணிப்பை உருவியிருந்தார்கள். முஷ்டி இறங்கும் இடத்தில் வெறும் தோல்தான் மிச்சம்.

காலின்ஸின் கருவிழிப்படலம் கிழிந்து, இனி ஆட முடியாது என்றாகிவிட்டது. ஒன்பது மாதத்துக்குள், 1984 மார்ச்சில், கார் விபத்தில் இறந்தார். 1986இல் ரெஸ்டோவும் பயிற்சியாளர் பனாமா லூயிஸும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. குற்றப் பட்டியலில் ‘ஆபத்தான ஆயுதம் வைத்திருந்தது’ என்பதும் ஒன்று. ஆயுதம் எது என்றால் ரெஸ்டோவின் கைகள். பல ஆண்டுகள் கழித்து, கைக்கட்டையும் பிளாஸ்டரில் நனைத்துக் கட்டியதாக ரெஸ்டோவே ஒப்புக்கொண்டார்.

இதே லூயிஸ்தான் 1982 நவம்பரில் ஆரோன் பிரையர் என்ற வீரரின் மூலையில் நின்று, சாதாரண தண்ணீர் பாட்டில் வேண்டாம், ‘நான் கலந்த பாட்டிலை’ எடு என்று கேட்டவர். அது டிவி மைக்கில் பதிவாகியிருக்கிறது. சண்டைக்குப் பின் பரிசோதனை நடக்கவில்லை. அதில் என்ன இருந்தது என்பது அவரோடே போய்விட்டது.

2009 ஜனவரி 24, லாஸ் ஏஞ்சலஸ். அந்தோனியோ மார்கரிட்டோவுக்குக் கை கட்டிக்கொண்டிருந்தார்கள். எதிராளி ஷேன் மோஸ்லியின் பயிற்சியாளர் நஸீம் ரிச்சர்ட்சன் பக்கத்தில் நின்று பார்த்தார். எதிர்த்தரப்பு ஆள் ஒருவர் அறைக்குள் வந்து பார்க்கலாம் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. சிலர் அதைச் சம்பிரதாயமாக நினைத்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். இவர் போகவில்லை. அந்தத் திணிப்பைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். கட்டைப் பிரித்தபோது மொளி மேல் வைத்த பட்டையில் கெட்டியான பொருள் இருந்தது. ஆய்வில் கந்தகமும் கால்சியமும் தெரிந்தன, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் இருப்பவை. புதுக் கட்டோடு ரிங்கில் ஏறிய மார்கரிட்டோ ஒன்பதாவது ரவுண்டில் தோற்றார். கலிஃபோர்னியா ஆணையம் அவருடைய உரிமத்தைப் பறித்தது. அதற்கு ஆறு மாதம் முன்பு மிகெல் கோட்டோவின் முகத்தை உருக்குலைத்தாரே, அன்று கட்டுக்குள் என்ன இருந்தது என்று உலகமே கேட்டது. நிரூபிக்க அந்தக் கட்டு யாரிடமும் இல்லை.

மூலையும் மேசையும்

ரிங்கின் மூலையில் வீரருக்குத் துணையாக நிற்பவர்கள் செய்யும் வேலைகளில் பிரபலமானது 1963 ஜூன் 18 அன்று லண்டனில் நடந்தது. பின்னாளில் முகமது அலியான காசியஸ் கிளேயை ஹென்றி கூப்பர் இடக்கையைப் பக்கவாட்டில் வளைத்து அடிக்கும் ஹூக்கால் சாய்த்தார். கிளேயின் கையுறையில் ஏற்கெனவே இருந்த கிழிசலைப் பெரிதாக்கி நேரம் வாங்கித் தந்ததாக அவருடைய பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டி சொல்லிக்கொள்வார். கதையில் நிமிடக்கணக்கில் நேரம் போகும். படச்சுருளில் பார்த்தால் கூடுதலாகக் கிடைத்தது சில வினாடிகள்தான். 1980இல் சென்னை நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு அலி காட்சிச் சண்டை ஆடியதைப் பார்த்த பெரியவர்களும் இந்தக் கதையை நிமிடக்கணக்கிலேயே சொல்வார்கள். அதை நான் திருத்துவதில்லை.

ரிங்குக்கு வெளியே மேசையில் உட்கார்ந்திருப்பவர்களின் போங்கு தனி ரகம். 1988 சியோல் ஒலிம்பிக் இறுதியில் ராய் ஜோன்ஸ் 86 குத்து இறக்கினார், பார்க் சி-ஹுன் 32. தங்கம் பார்க்குக்கு, 3-2. அதன்பின் புள்ளி முறை பல தடவை மாறியது. 2016 ரியோவிலும் தீர்ப்புகள் நாறியதால் அங்கே பணியாற்றிய 36 நடுவர்களும் டோக்கியோவில் ஓரங்கட்டப்பட்டார்கள். கடைசியில் 2023இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி உலகக் குத்துச்சண்டையை நடத்திவந்த சம்மேளனத்தின் அங்கீகாரத்தையே பறித்தது. புதிய அமைப்பு ஒன்று தற்காலிக அங்கீகாரம் பெற்றபிறகு, 2025 மார்ச்சில்தான் 2028 லாஸ் ஏஞ்சலஸில் குத்துச்சண்டை உண்டு என்று உறுதியானது. வியாசர்பாடியில் ஸ்கிப்பிங் ஆடும் பதினைந்து வயதுப் பெண்ணின் ஒலிம்பிக் கனவு, அவள் பார்த்தே இராத சிலர் போட்ட புள்ளிகளால் இரண்டு ஆண்டு ஊசலாடியது.

உள்ளூர்ப் போட்டிக்குப் போகிறவர்களுக்கு

கையுறை மோசடி அமெச்சூரில் நடப்பது அரிது. கையுறையை வீரர் கொண்டுவருவதில்லை. போட்டி நடத்துபவர்களே சிவப்பு, நீலம் என்று தருகிறார்கள், சண்டை முடிந்ததும் கழற்றி அடுத்தவருக்கு மாட்டுகிறார்கள். கைக்கட்டு மட்டும்தான் வீரரின் சொந்தப் பொருள். ஆகவே அங்கே பார்க்க வேண்டியவை மூன்று:

1. இருவரும் கட்டிப்பிடித்து நிற்கும்போது யாருடைய தலை கீழேயிருந்து மேலே வருகிறது.

2. நடுவர் ஒரு பக்கம் நிற்கும்போது மறுபக்கத்துக் கை என்ன செய்கிறது. பிடரியில் அடிப்பது பெரும்பாலும் அங்கேதான்.

3. கையுறை மாட்டுவதற்கு முன் கட்டை யார் தொட்டுப் பார்க்கிறார்கள்.

மூன்றாவதைப் பெற்றோர் யாரும் கவனிப்பதில்லை. வரிசையில் நிற்கும் பையன் கையை நீட்டுவான், அதிகாரி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து மொளி மேல் ஒரு அழுத்து அழுத்திவிட்டு அனுப்புவார். மொத்தமாக மூன்று வினாடி ஆகும். அந்த அழுத்தைக் காலின்ஸின் அப்பா பத்து ரவுண்டு தாமதமாக அழுத்தினார்.